சேர்க்கை சரியில்லை

சுவரில் ஒரு கடிகாரம். அதில் எண்களே இல்லை. வட்டத்தை நான்காகப் பிரித்து தூக்கம், சாப்பாடு, குடி, போதை என்று எழுதியிருக்கிறார்கள். முள் எதில் நிற்கிறதோ அதைச் செய்கிறார் வீட்டுக்காரர். அவர் தொழில்முறைத் துப்பறிவாளர். மேசைமேல் ஒரு பெரிய டப்பா, அதில் கொட்டை எழுத்தில் 'கொக்கைன்'. மார்புக்குக் குறுக்கே தோட்டா வார் மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார். தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் ஊசிகள். கொஞ்சம் சோர்வு தட்டினால் ஒன்றை உருவிக் குத்திக்கொள்கிறார். உடனே முகம் மலர்கிறது, ஆள் துள்ளுகிறார்.

1916ல் வந்த 'தி மிஸ்டரி ஆஃப் த லீப்பிங் ஃபிஷ்' என்ற மௌனப் படம் இது. அரை மணி நேரம்கூட ஓடாது. துப்பறிவாளராக வருபவர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ். பின்னாளில் ஸோரோவாகவும் பாக்தாத் திருடனாகவும் தாவிக் குதித்த அதே ஆள். இதில் அவர் பெயர் கோக் என்னிடே. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் 'என்றைக்கும் கொக்கைன்' என்று அர்த்தம் வரும். ஷெர்லாக் ஹோம்ஸைக் கிண்டல் செய்கிறார்களாம். கடற்கரையில் குளிக்க வருபவர்கள் ஏறி மிதக்கும் ரப்பர் மீன்களுக்குள் ஒரு கும்பல் அபின் கடத்துகிறது. நம் ஆள் பொடியை எதிரிகள் முகத்தில் வீசியும் ஊசியைக் குத்தியும் அவர்களைப் பிடிக்கிறார். கதையை எழுதியவர் டாட் பிரவுனிங், பிற்பாடு டிராகுலா எடுத்தவர்.

இதை நான் பார்த்தது ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில், ராத்திரி ஒரு மணிக்கு, செல்போனில், சத்தத்தை அணைத்துவிட்டு. மௌனப் படத்துக்கு அந்த வசதி உண்டு. பக்கத்து வார்டில் சித்தப்பா இருந்தார். போதை மறுவாழ்வுப் பிரிவு. துணைக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார்கள், எனக்கு லீவு இருந்தது. தேடும் பெட்டியில் நான் என்ன தட்டினேன் என்று இப்போது நினைவில்லை. 'போதை', 'பழைய படம்' என்று ஏதோ. முதலில் வந்தது இது. சிரித்தேன். சிரித்துவிட்டு வார்டு கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

சித்தப்பா கதைக்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பத்து ராத்திரிகளில் மௌனப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஒன்றிலிருந்து இன்னொன்று. அப்படித்தான் 'தி டெவில்ஸ் நீடில்' கிடைத்தது. சாத்தானின் ஊசி. இதுவும் 1916தான், இதுவும் டிரையாங்கிள் என்ற அதே கம்பெனியின் வெளியீடு. ஒரே வருஷம், ஒரே கம்பெனி, ஒன்றில் ஊசி சிரிப்பு, ஒன்றில் ஊசி சாவு. கம்பெனிக்காரர்களுக்கு இரண்டும் சரக்குதான் போல.

இயக்கியவர் செஸ்டர் விதி. ரெனே என்ற மாடல் பெண்ணாக நார்மா டால்மாட்ஜ். அப்போது வயது 22. ஓவியராக டல்லி மார்ஷல், 50 தாண்டியவர். ஊசிப் பழக்கம் முதலில் ரெனேவுக்குத்தான். ஓவியருக்குக் கற்பனை வற்றிப்போகிறது. கித்தான் முன்னால் நின்று நின்று பார்க்கிறார், ஒன்றும் வரவில்லை. ரெனேவின் பழக்கத்தைப் பார்த்து அருவருத்தவர், ஒரு கட்டத்தில் தானும் போட்டுப் பார்க்கிறார். தூரிகை ஓடுகிறது. அப்புறம் ஊசி இல்லாமல் தூரிகை ஓட மறுக்கிறது. நடுவில் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தியைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொள்கிறார். மாடல் பெண்ணின் பொறாமை, மனைவியின் தவிப்பு, இவருடைய கை நடுக்கம் மூன்றும் ஒரே வீட்டில் முட்டிக்கொள்கின்றன. கடைசியில் கிராமத்துக்குப் போய் வெயிலில் பண்ணை வேலை பார்த்து ஆள் தேறிவிடுகிறார். சேரியில் ரவுடிகள் கையில் சிக்கிய மனைவியைச் சண்டை போட்டு மீட்கிறார். சுபம்.

கதை கிடக்கட்டும். டல்லி மார்ஷலின் முகத்துக்காகப் பார்க்கலாம். ஒட்டிய கன்னம், உள்ளே போன கண். மனைவி அறையைவிட்டு வெளியே போகும்வரை காத்திருக்கும் ஒருவனின் பொறுமை இருக்கிறதே, அதை அவர் அசலாகப் பிடித்திருந்தார். கை பாக்கெட் பக்கம் போகும், பாதியில் நிற்கும், தலைமுடியைக் கோதிக்கொள்ளும். பிறகு தேடிப் படித்ததில் காரணம் தெரிந்தது. 1909ல் நியூயார்க் நாடக மேடையில், 'தி சிட்டி' என்ற நாடகத்தில் மார்ஃபின் என்ற அபின் மருந்துக்கு அடிமையானவராக நடித்து ஊரையே பேச வைத்தவர் அவர். ஏழு வருஷமாகக் கைக்குள் வைத்திருந்த பாத்திரம்.

இன்று கிடைக்கும் பிரதி 1916ன் பிரதி அல்ல. 1923ல் மறுபடி வெளியிட்டபோது போட்ட பிரதி. ஏழு வருஷம் பழசான படத்தைத் தூசி தட்டி எடுக்க 1923ல் என்ன அவசரம் என்று தேடியபோதுதான் வாலஸ் ரீட் வந்தார்.

நம் ஊரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவிலும் இன்று தெரியாது. 1920 வாக்கில் அவர் மிகப் பெரிய நட்சத்திரம். உயரம், நல்ல சிரிப்பு, சாக்ஸபோன் வாசிப்பார், கார் பிரியர். ஃபேமஸ் பிளேயர்ஸ் லாஸ்கி கம்பெனி அவரை ரேஸ் கார் ஓட்டும் காதலனாக ஒரு அச்சில் வார்த்து, அதே அச்சில் படங்களைத் தட்டிக்கொண்டே இருந்தது. 'தி ரோரிங் ரோடு', 'டபுள் ஸ்பீட்', 'எக்ஸ்க்யூஸ் மை டஸ்ட்'. தலைப்புகளே சீறுகின்றன. ஐந்து ரீல், ஒரு கார், ஒரு பெண், பெண்ணின் அப்பாவான முதலாளி. தியேட்டர்கள் நிறைந்தன.

1919ல் 'தி வேலி ஆஃப் த ஜயன்ட்ஸ்' என்ற படத்துக்காக வட கலிபோர்னியாவின் ராட்சத மரக் காடுகளுக்குப் போனார்கள். போகும் வழியில் படக்குழு போன ரயில் விபத்துக்குள்ளானது. ரீடுக்குத் தலையில் காயம், முதுகில் அடி. படப்பிடிப்பை நிறுத்தினால் ஒரு நாளைக்கு இத்தனை டாலர் நஷ்டம் என்று கணக்குப் போட ஆள் இருந்தது. வலி தெரியாமல் நிற்பதற்காக அவருக்கு மார்ஃபின் கொடுக்கப்பட்டது. நின்றார். நடித்தார். படம் குறித்தபடி முடிந்து அதே வருஷம் வெளியானது. அடுத்த படம் தயாராக இருந்தது. அதற்கடுத்ததும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. அமெரிக்காவில் 1900 வாக்கில் அபினோ கொக்கைனோ வாங்குவது பெரிய காரியமே அல்ல. ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1898லிருந்து ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்றது. 1914 டிசம்பரில் வந்த ஹாரிசன் சட்டம்தான் இவற்றை நாடு முழுக்க டாக்டர், மருந்துக்கடை, வரி ரசீது என்ற வேலிக்குள் கொண்டுவந்தது. 1919 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. பழகிப்போனவனுக்குப் பழக்கத்தைத் தாங்குவதற்காக மட்டும் டாக்டர் சீட்டு எழுதித் தருவது வைத்தியம் ஆகாது என்றது. அதாவது டாக்டர் ஆரம்பித்து வைக்கலாம், தொடர்ந்து கொடுக்க முடியாது. பழகிப்போனவன் எங்கே போவான்? தெருமுனைக்குத்தான். ரீட் மார்ஃபினுக்குப் பழகியதும் அந்த வருஷத்தில்தான்.

ஆனாலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. 1922ல் மட்டும் ஏழு படங்களுக்குக் குறையாமல் அவர் முகம் திரைக்கு வந்தது. கண்ணுக்குக் கீழே கருத்ததை மேக்கப் மூடியது. ஹாலிவுட்டுக்கே அது கெட்ட காலம். நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிள் மீதான வழக்கு, இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் கொலை என்று பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. வருஷக் கடைசியில் ரீடின் பழக்கம் அம்பலமானது. ஒரு சானிடோரியத்தில் அடைத்து மருந்தை நிறுத்தினார்கள். உடம்பு தாங்கவில்லை. 1923 ஜனவரி 18 அன்று இறந்தார். வயது 31.

அவர் மனைவி டாரத்தி டேவன்போர்ட். அவரும் நடிகை, நடிகர் குடும்பத்துப் பெண். கணவன் செத்து ஐந்தே மாதத்தில், அந்த ஜூனில், ஒரு படம் வெளியிட்டார். பெயர் 'ஹியூமன் ரெக்கேஜ்'. மனித இடிபாடு. டைட்டிலில் தன் பெயரை 'திருமதி வாலஸ் ரீட்' என்றே போட்டுக்கொண்டார். தயாரிப்பு தாமஸ் இன்ஸின் துணையோடு, இயக்கம் ஜான் கிரிஃபித் ரே. போதையைத் தொடும் கதையே கூடாது என்று இருந்த காலத்தில், திரைத்துறையைச் சுத்தம் செய்ய வந்த வில் ஹேஸ் இந்தப் படத்துக்கு மட்டும் தலையாட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் மேயர் ஜார்ஜ் கிரையர் மேயராகவே திரையில் வந்து நின்றார். பெரிய மனிதர்கள் இப்படி வரிசையாக வந்து நின்றதைப் படிக்கும்போது, நம் ஊர் அரசியல் மேடைகளில் சால்வையோடு நிற்பவர்கள் ஞாபகம் வந்தார்கள்.

இந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்க முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு மௌன கால முழுநீளப் படங்களில் சுமார் 70 சதவீதம் அழிந்துவிட்டன. அவர்கள் எழுபது போச்சு என்று அழுகிறார்கள். நம் நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான கீசக வதத்தில் ஒரு துண்டுகூட இல்லை. தென்னிந்திய மௌனப் படம் என்று கேட்டால் புனே ஆவணக் காப்பகத்தில் இருக்கும் மார்த்தாண்ட வர்மாவைத்தான் எல்லோரும் காட்டுகிறோம். சரி, அந்தப் பஞ்சாயத்து வேறு.

படம் போனாலும் கதை எழுத்தில் இருக்கிறது. நடுத்தர வயது வக்கீல் ஆலன் மக்ஃபார்லண்ட், அவர் மனைவி எத்தெல். எத்தெலாக நடித்தது டாரத்தியே. போதைக்கு அடிமையாகித் திருட்டு வழக்கில் மாட்டிய ஜிம்மி என்ற பையனுக்காக வாதாடும்படி எத்தெல் கணவனைக் கேட்கிறார். அவரும் வாதாடி மீட்கிறார். ஆனால் வேலைப் பளுவில் நொறுங்கிக்கொண்டிருக்கும் வக்கீலுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் மார்ஃபினைப் பழக்கிவிடுகிறார். அங்கிருந்து சரிவு. போதைக் கும்பலின் தலைவன் ஸ்டோன் அவர் குடுமியைப் பிடித்துக்கொள்கிறான். இன்னொரு பக்கம் குடிசைப் பகுதியில் மேரி என்ற இளம் தாய். குழந்தை அழாமல் இருக்கத் தன் மார்பில் மார்ஃபினைத் தடவிப் பால் கொடுக்கிறாள். படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. மேரியாக நடித்தது பெஸ்ஸி லவ்.

பெஸ்ஸி லவ் என்ற பெயரை ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கிறதே என்று திரும்பிப் போய்த் தேடினேன். ரப்பர் மீன் படத்தில் கடற்கரையில் மீன்களுக்குக் காற்றடைக்கும் பெண் அவர்தான்! ஏழு வருஷத்துக்கு முன் கொக்கைன் டப்பாவைச் சுற்றிச் சிரித்த அதே பெண், இப்போது மார்பில் மருந்து தடவுகிறாள். அந்தச் சிரிப்புப் படத்தில் இன்னொருத்தியும் உண்டு, கும்பலோடு வரும் அழகான பெண், ஆல்மா ரூபன்ஸ். அவர் நிஜ வாழ்க்கையிலேயே போதைக்கு அடிமையாகி, மருத்துவமனைகளுக்கு உள்ளேயும் வெளியேயுமாக அலைந்து, 1931 ஜனவரியில் 33 வயதில் இறந்தார். இப்போது அந்த அரை மணி நேரத்தை மறுபடி ஓட்டினால் என்னால் ஃபேர்பேங்க்ஸைப் பார்க்க முடிவதில்லை. ஓரத்தில் நிற்கும் அந்த இரண்டு பெண்களைத்தான் பார்க்கிறேன்.

ஹியூமன் ரெக்கேஜின் முடிவு இப்படி. திருந்திய ஜிம்மி டாக்ஸி ஓட்டுகிறான். பின் சீட்டில் ஏறியிருப்பவன் ஸ்டோன் என்று தெரிகிறது. வண்டியை நேராக ரயிலில் கொண்டுபோய் மோதுகிறான். இருவரும் சாகிறார்கள். வக்கீல் மனைவியின் துணையோடு மீண்டு விடுகிறார். ரயில் விபத்தில் தொடங்கிய சொந்தக் கதையை, ரயில் மோதலில் வில்லனைக் கொன்று முடித்திருக்கிறார்கள். யோசித்துச் செய்தார்களா, தானாக வந்து விழுந்ததா? எப்படியானாலும் டாரத்தி அந்தக் காட்சியைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. திரையில் எத்தெலின் கணவன் பிழைத்துக்கொள்கிறான். எத்தெலாக நடித்தவளின் கணவன் ஐந்து மாதத்துக்கு முன் போய்விட்டான். காதல் கதை என்று இந்தப் படத்தில் ஏதாவது இருந்தால் அது இதுதான்.

எனக்கு இடிப்பது வேறு இடம். ஏன் வக்கீல்?

நடிகன் என்று வைத்திருக்கலாம். வேண்டாம், ஊருக்கே தெரிந்துவிடும், சரி. ரயில்வே ஊழியன், ஆலைத் தொழிலாளி, பத்திரிகைக்காரன், யாராக வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். வக்கீலை வைத்தார்கள். வக்கீல் தனக்குத்தானே முதலாளி. 'நாளைக்கு ஷூட்டிங் இருக்கிறது, எழுந்து நில்' என்று அவனிடம் சொல்ல ஆள் கிடையாது. கதையில் டாக்டர் உண்டு, கும்பல் உண்டு, தெருமுனை வியாபாரி உண்டு, பரிதாபமான ஏழைப் பெண் உண்டு. தேதி குறித்துக்கொண்டு காத்திருந்த கம்பெனி மட்டும் இல்லை. ஹேஸின் ஆசீர்வாதம் வேண்டிய படத்தில் அது எப்படி இருக்கும்? டாரத்தி பாவம், அவரும் அந்த ஊரில்தானே பிழைக்க வேண்டும், கையில் குழந்தைகள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் படம் பார்த்து வெளியே வந்த லட்சக்கணக்கானவர்கள் என்ன பேசிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியும். எங்கள் ஆத்தா சொன்ன அதே வார்த்தையைத்தான்.

"சேர்க்கை சரியில்ல."

சித்தப்பா திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். பனியன் கம்பெனியில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அச்சு வைத்து, மெஷினில் அறுப்பார்கள். ஒரு மில்லி மீட்டர் பிசகினால் ஆயிரம் பீஸ் குப்பை. கை சுத்தமான ஆள் என்று பெயர். ஒரு சீசனில், ஒன்றரை ஷிப்ட், விடிய விடிய நைட் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, துணி ரோலைத் தூக்கும்போது முதுகில் பிடித்துக்கொண்டது. டிஸ்க் விலகிவிட்டது என்றார்கள். சரக்கு கப்பல் ஏற வேண்டிய தேதிக்கு ஒன்பது நாள். கப்பலை விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில். கம்பெனிக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வந்து ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். சித்தப்பா எழுந்து மேசைக்குப் போனார்.

ஓனரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவில் பாதி அவர் கொடுத்தது. சித்தப்பாவை யாரும் கட்டி இழுத்துக்கொண்டும் போகவில்லை. 'நான் இல்லாட்டி யாரு வெட்டறது' என்று அவரே போனார். ரீடும் அப்படித்தான் போயிருப்பார். தன்னால் நூறு பேர் வேலை நிற்கிறது என்ற நினைப்பு முதலில் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் ஆளை மேசைக்கு அனுப்புகிறது, முதுகு அல்ல.

அந்த சீசன் முடிந்தது, மாத்திரை முடியவில்லை. டிராமடால் என்ற அந்த மாத்திரை 2018ல்தான் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அதற்கு முன்னால் பழைய சீட்டைக் காட்டினாலே கிடைத்தது, சீட்டே இல்லாமலும் கிடைத்தது. சட்டம் வந்த பிறகு கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். சித்தப்பா ஊருக்கு வெளியே யார் யாரையோ பார்க்கப் போனார். அந்த ஆட்களோடு அவரைப் பார்த்தவர்கள் வந்து வீட்டில் சொன்னார்கள். அந்த ஆட்கள் வருவதற்கு ஆறேழு வருஷம் முன்பிருந்தே அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும்தான். எங்கள் வீட்டிலும் ஹியூமன் ரெக்கேஜ் ஓடியது. அதிலும் கம்பெனி இல்லை.

டாரத்தி கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. சொந்தத் துக்கத்தைப் படமாக்கி வென்றவர், 1925ல் 'தி ரெட் கிமோனா' என்று இன்னொன்றை எடுத்தார். விபசாரத்தில் தள்ளப்பட்டு, தள்ளியவனைச் சுட்டு, கொலை வழக்கில் விடுதலையான ஒரு பெண்ணின் உண்மைக் கதை. அந்தப் பெண் அதற்குள் கல்யாணம் செய்துகொண்டு, பழசை யாருக்கும் சொல்லாமல் கௌரவமாக வாழ்ந்துகொண்டிருந்தார். படத்தில் அவருடைய நிஜப் பெயரையே வைத்தார்கள், கேட்காமல். அவர் வழக்குப் போட்டார். 1931ல் கலிபோர்னியா நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அமெரிக்காவில் அந்தரங்க உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுக்கிறார்கள். சட்டப் புத்தகங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. அவர் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போன பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ரெட் கிமோனா பிரதி பத்திரமாக இருக்கிறது. காணாமல் போனது டாரத்தியின் சொந்தக் கதை மட்டும்தான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று சித்தப்பாவிடம் கேட்கத்தான் போன மாதம் போனேன். இப்போது அவர் கட்டிங் மேசைக்குப் போவதில்லை. வீட்டு முன்னறையில் வேஸ்ட் துணி வாங்கிப் பிரித்து விற்கிறார். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. கேட்டதும், "பேரு போடாத, ஊரு போட்டுக்க" என்றார். சரி என்று போனில் ரப்பர் மீன் படத்தைக் காட்டினேன். ஊசி பெல்ட்டைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நாலு பங்கா? எனக்கெல்லாம் ஒரே பங்குதான் கண்ணு."

ரீட் கதையையும் சொன்னேன். ரயில், தலையில் அடி, மருந்து, கடைசி சானிடோரியம். கையில் ஒரு நீலத் துண்டை வைத்து மடித்துக்கொண்டே கேட்டார். சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ரயிலு கவுந்தப்ப எடுத்துட்டு இருந்தாங்கல்ல ஒரு படம். அத முடிச்சாங்களா?"

"முடிச்சுட்டாங்க சித்தப்பா. அதே வருசம் ரிலீஸும் பண்ணிட்டாங்க. அது தொலைஞ்சு போச்சுன்னுதான் அமெரிக்காக்காரங்க நெனச்சுட்டு இருந்தாங்க. ரஷ்யாவுல ஒரு பிரதி இருந்திருக்குது. 2010ல பத்துப் படத்துல ஒண்ணா இதையும் காப்பி எடுத்துக் குடுத்துட்டாங்க."

"அப்ப அது இருக்குது."

"இருக்குதுங்க."

"எங்க சரக்கும் கப்பலேறிருச்சு" என்றார். வெள்ளையை ஒரு பக்கமும் கலரை ஒரு பக்கமுமாக எடுத்துப் போட ஆரம்பித்தார்.